கால்வலிக்கு ஊசி வந்த கதை

தெற்குக் கல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வருகின்றனர். வாழையிலையும் கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் வாங்கக் கூடுமிடத்தில் ஒரு நோவைப் பற்றிய பேச்சு அடிக்கடி எழுவதுண்டு. இடுப்பில் பிறந்து, தொடை, கெண்டைக்கால் வழியே பாதம்வரை மின்னலென ஓடும் வலி அது. முதுகெலும்பின் வட்டு நழுவி நரம்பை அழுத்துகிறது என்றும், ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றும் மருத்துவர் கூறுவார். முதுகில் ஊசியா என்று நம்மில் சிலர் அஞ்சுகிறோம். ஊசி போட்டால் வட்டு பழைய இடத்திற்கே திரும்பிவிடும் என்று சிலர் நம்புகிறோம். இவ்வூசியின் வரலாறு இரு சாராருக்கும் தெளிவு தரவல்லது.

நோய் புதியதன்று. சுசுருத சம்ஹிதை இதனைக் கிருத்ரசி என்று அழைத்து, முழங்காலுக்கு நான்கு விரற்கடை மேலோ கீழோ இரத்தம் வாங்கும்படி விதித்தது. 1764-ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் டொமினிகோ கொட்டுன்யோ, இது மூட்டின் வலியன்று, நரம்பின் வலியே என்று பிரித்துக் காட்டினார். ஆயினும் நரம்பு ஏன் நோகிறது என்பது மேலும் 170 ஆண்டுகள் விளங்காமலே இருந்தது.

காரணம் விளங்குமுன்பே பரிகாரம் வந்ததுதான் விந்தை. நோயாளியை ஈதரால் மயக்கிச் சிகிச்சை செய்யும் முறை நம் கல்கத்தாவிற்கு 1847-லேயே வந்துவிட்டது. மயக்காமல், ஓரிடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் வழியை 1884-ல் வியன்னாவின் கார்ல் கொல்லர், கொக்கெய்னைக் கண்ணில் இட்டுக் கண்டறிந்தார். 1901-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் சிக்கார், காத்லாங் என்ற இருவர், ஒருவரையொருவர் சாராமல், முதுகெலும்பின் அடிநுனியருகே இயற்கையாய் அமைந்த துவாரத்தின் வழியே அம்மருந்தைச் செலுத்தினர். சிக்கார் அதனைக் கால்நரம்பு வலிக்கே பயன்படுத்தினார்.

வட்டின் குற்றம் வெளிப்பட்டது 1934-ஆம் ஆண்டில்தான். முதுகெலும்பினுள் கண்ட சிறு துண்டங்களைக் கட்டிகள் என்றே மருத்துவர்கள் அதுவரை கருதியிருந்தனர். அவற்றுள் பல, பிதுங்கி வந்த வட்டின் பகுதிகளே என்று பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டரும் பாரும் நிறுவினர். வட்டை அறியாமலே 33 ஆண்டுகள் ஊசி போடப்பட்டு வந்தது என்றால், அது வட்டைத் தள்ளி வைக்க வந்த ஊசியன்று என்பது தெளிவன்றோ?

பின்னர் மருந்துகள் மாறின. 1943-ல் சுவீடனில் லிக்னோகெய்ன் பிறந்தது. 1952-53-ஆம் ஆண்டுகளில் இத்தாலியிலும் பிரான்சிலும் ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்தனர். நரம்பின் நோவுக்கு அழுத்தம் மட்டுமன்றி, வட்டினால் மூளும் அழற்சியும் காரணம். அவ்வழற்சியை இம்மருந்து தணிக்கிறது. இந்நாளில் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஊசி முனையை உரிய நரம்பின் அருகே கொண்டு செல்கின்றனர். நம் நகரத்துச் சியால்தாவில் வலிச் சிகிச்சைக்கென்றே ஓர் இ.எஸ்.ஐ. நிறுவனம் உள்ளது.

ஊசியின் பலன் சில வாரங்களோ சில மாதங்களோ நிற்கலாம். சிலருக்குப் பலனின்றியும் போகலாம். பெரும்பாலோருக்கு இவ்வலி சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானே தணிகிறது. பிதுங்கிய துண்டமும் பல வேளைகளில் சுருங்கிவிடுகிறது. அதுவரை உறங்கவும் நடக்கவும் அவகாசம் தருவதே ஊசியின் தொண்டு. நீரிழிவுள்ளோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போரும் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் அடைபட்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, பாதம் தூக்க இயலாது தொங்கினாலோ, ஊசியைப் பற்றி யோசித்திராமல் அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

அயல்மொழி பேசும் மருத்துவரிடம் நம் நோவை எவ்வாறு உரைப்பது என்று கலங்க வேண்டியதில்லை. வலி எங்கே தொடங்கி எந்த விரலில் முடிகிறது என்று கையால் தொட்டுக் காட்டுவோம். பெருவிரல் பக்கம் ஓடினால் ஒரு நரம்பு, சுண்டுவிரல் பக்கம் ஓடினால் மற்றொன்று என்று அவர் ஊகித்துக்கொள்வார். கொட்டுன்யோவுக்கு அன்று வழிகாட்டியதும் வலி ஓடிய அத்தடமே.