வீடுகளைக் காப்பாற்றியவர்கள் வரைந்த சிவப்புக் கோடு

1933 ஏப்ரல் 27. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் லெ மார்ஸ் என்றொரு சிறிய ஊர். கடன் கட்டாத காணிகளை ஏலத்துக்கு விடும் வழக்குகளை அங்கே விசாரித்துக்கொண்டிருந்தவர் நீதிபதி சார்ள்ஸ் பிராட்லி. விவசாயிகளின் கூட்டமொன்று நீதிமன்றத்துக்குள் புகுந்தது. இனி அப்படியான கட்டளை எதிலும் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னது. அவர் மறுத்தார். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கழுத்தில் கயிறு போட்டார்கள். அப்போதும் அவர் இணங்கவில்லை. கடைசியில் விட்டுவிட்டுப் போனார்கள். மாநில ஆளுநர் அந்த மாவட்டத்தில் இராணுவச் சட்டத்தை அறிவித்தார்.

கலகம் செய்து பழகிய ஆட்கள் இல்லை இவர்கள். கடனை வாங்கி, வட்டியைக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய் வந்த சாதாரண சனம். இவர்களை நீதிபதியின் கழுத்தில் கயிறு போடுமளவுக்குக் கொண்டுவந்தது எது?

வீட்டுச் சந்தை சரிந்தால் அதை எப்படி நிமிர்த்துவது என்று கேட்டால், வட்டியைக் குறை, வங்கிக்குக் காசு கொடு, விலை தானா ஏறும் எண்டுதான் கனபேர் சொல்லுவினம். அமெரிக்கா இந்தக் கேள்வியை இரண்டு தரம் சந்தித்தது: 1933இலும் 2009இலும். இரண்டு தரமும் வேறு வேறு விடை சொன்னது. அந்த வித்தியாசத்துக்குள் ஒரு பெரிய அரசியல் இருக்கிறது.

கடன் கண்ணியான கதை

இன்று வீட்டுக் கடன் என்றால் இருபது, முப்பது வருடம் மாதாமாதம் கட்டுவது என்று நினைக்கிறோம். 1920களில் அமெரிக்காவில் பல கடன்கள் அப்படி இருக்கவில்லை. தவணை மூன்று தொடக்கம் ஐந்து வருடம். அதுவரை வட்டியை மட்டும் கட்டினால் போதும். தவணை முடியும் அன்று முதலை மொத்தமாக வைக்க வேண்டும். யாரும் வைப்பதில்லை. அதே வங்கியிலோ வேறு இடத்திலோ கடனைப் புதுப்பித்துக்கொள்வார்கள். வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அது பிரச்சினையாகத் தெரியவில்லை.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 1928இல் ஒருவர் 8000 டொலர் வீட்டை ஈடு வைத்து, 6 வீத வட்டிக்கு 4000 டொலர் எடுக்கிறார். வருடம் 240 டொலர் வட்டி. ஐந்து வருடமும் ஒரு நாள் பிந்தாமல் கட்டுகிறார். 1933இல் அவர் இன்னும் 4000 டொலர் கடன்காரன்தான். இப்போது கடன் தந்த வங்கியே ஆட்டம் காண்கிறது. புதுப்பிக்க ஆளில்லை. வேலையும் போய்விட்டது. அந்த வருடம் நாட்டில் நான்கு தொழிலாளரில் ஒருவருக்கு வேலை இல்லை. ஒழுங்காகக் கட்டிய மனிசனுக்கும் வீடு போகிறது.

அவருடைய வீட்டோடு விசயம் முடியாது. ஏலத்துக்கு வந்த வீட்டால் பக்கத்து வீட்டின் விலை இறங்கும். விலை இறங்க, கடனுக்கு ஈடு போதாமல் போகும். வங்கி விழும். வங்கி விழுந்தால் அடுத்தவருக்குக் கடன் இல்லை. 1926இல் ஏறத்தாழ 68,000 வீடுகள் கடனுக்காகப் பறிபோயின. 1933இல் அது இரண்டரை இலட்சம். 1934 தொடக்கத்தில் நகரங்களில் எடுத்த கணக்கொன்றில், ஈடு வைத்த வீடுகளில் பத்தில் நான்குக்கு மேல் தவணை தவறியிருந்தன. பத்துப் பேரில் நாலு பேர் ஒரே நேரத்தில் தவறினால், அதைத் தனிமனிதரின் ஊதாரித்தனம் என்று சொல்ல ஏலாது.

ஒரு சத ஏலம்

அரசாங்கம் அசைவதற்கு முதல் அயலவர்கள் அசைந்தார்கள். கிராமப்புறங்களில் ஏலம் நடக்கும்போது ஊரே திரண்டு வரும். மாட்டுக்குச் சில சதம், கலப்பைக்குச் சில சதம் என்று கேட்பார்கள். கூடக் கேட்க வந்த வெளியாளை, ஒரு தடித்த கை தோளில் தட்டி அமைதிப்படுத்தும். சில இடங்களில் களஞ்சியத்தில் தூக்குக் கயிறும் தொங்கியது. சில டொலருக்கு எல்லாவற்றையும் வாங்கி, பழைய சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இந்த அழுத்தத்தில்தான் மாநிலங்கள் சட்டம் போடத் தொடங்கின. 1933 ஏப்ரலில் மினசோட்டா ஒரு சட்டம் இயற்றியது: ஏலத்தில் போன வீட்டை மீட்பதற்கான காலத்தை நீதிமன்றம் நீடிக்கலாம். ஆனால் சும்மா இல்லை. அந்தக் காலத்தில் குடியிருப்பவர் நியாயமான வாடகை போல ஒரு தொகையைக் கட்டிவர வேண்டும். மினியாபொலிசில் பதினான்கு அறை வீடொன்றை வைத்திருந்த பிளெய்ஸ்டெல் தம்பதியருக்கு மாதம் 40 டொலர் என்று தீர்மானித்தார்கள். ஒப்பந்தத்தை அரசு எப்படி மாற்றலாம் என்று கடன் கொடுத்த சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1934 ஜனவரியில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டம் தப்பியது. ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதையே வேறு.

ஆனால் அவகாசம் கடனைக் குறைப்பதில்லை. மூச்சு விட நேரம் தரும், அவ்வளவுதான்.

அரசே கடனை வாங்கியது

1933 ஜூன் 13இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம், வீட்டு உரிமையாளர் கடன் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது. அதன் வேலை முறை எளிமையானது. தவணை தவறிய கடனை வங்கியிடமிருந்து கூட்டுத்தாபனம் எடுக்கும். பதிலுக்கு வங்கிக்கு அரச பிணைமுறி கொடுக்கும். இப்போது வீட்டுக்காரர் அரசுக்குக் கடன்காரர். பழைய கடன் கிழிக்கப்பட்டு, புதுக் கடன் எழுதப்படும்: 15 வருடம், 5 வீத வட்டி, மாதாமாதம் முதலும் வட்டியும் சேர்ந்து குறையும். கட்டாமல் விட்ட வரியையும் அவசியமான திருத்த வேலைச் செலவையும் அதற்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டின் மதிப்பில் 80 வீதம் வரை, கூடியது 14,000 டொலர் கொடுக்கலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மதிப்பு என்றால் எந்த மதிப்பு? 1933இன் ஏல விலையை வைத்தால் யாருக்கும் உதவ முடியாது. அதனால் சந்தை விலையோடு, அந்த வீட்டைத் திரும்பக் கட்டும் செலவையும், கடந்த பத்து வருட வாடகையையும் சேர்த்துச் சராசரி பார்த்தார்கள். பீதியில் விழுந்த விலை உண்மையான விலை இல்லை என்று ஒரு அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது இது. அப்படியும் கடன் மதிப்பை மீறினால், மிச்சத்தை வங்கி விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது.

1936 வரை ஏறத்தாழ 19 இலட்சம் விண்ணப்பங்கள் வந்தன. பத்து இலட்சம் பேருக்கு, 300 கோடி டொலருக்கு மேல் கடன் கொடுக்கப்பட்டது. எல்லாரும் தப்பவில்லை. ஏறத்தாழ இரண்டு இலட்சம் வீடுகளைக் கூட்டுத்தாபனமே பிறகு பறித்தது. ஆனால் அவற்றை ஒரேயடியாகச் சந்தையில் கொட்டவில்லை. திருத்தி, வாடகைக்கு விட்டு, ஆறுதலாக விற்றது. 1939இல் வட்டியை நாலரை வீதமாகக் குறைத்தது. தவணையை 25 வருடம் வரை நீட்டவும் இடம் கொடுத்தது. 1951இல் கணக்கை மூடியபோது சிறிய இலாபமும் மிஞ்சியிருந்தது.

வரைபடத்தின் மறுபக்கம்

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் கதை இஞ்சதான் திரும்புது.

1935க்குப் பிறகு அதே கூட்டுத்தாபனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களை அளந்து வரைபடம் போட்டது. சிறந்த பகுதி பச்சை, அடுத்தது நீலம், இறங்குமுகமானது மஞ்சள், ஆபத்தானது சிவப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் நிரப்பிய படிவத்தில் கட்டிடங்களின் வயது, வருமானம் என்பவற்றோடு, கறுப்பின மக்கள் இருக்கிறார்களா, எத்தனை வீதம் என்றும் ஒரு கட்டம் இருந்தது. யார் 'ஊடுருவுகிறார்கள்' என்று எழுத இன்னொரு கட்டம். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏறத்தாழ எல்லாமே சிவப்பாகின.

இந்த வரைபடங்கள் எவ்வளவு தூரம் பயன்பட்டன என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. கூட்டுத்தாபனம் தன் கடன்களில் பெரும்பகுதியை வரைபடத்துக்கு முதலே கொடுத்துவிட்டது. சிவப்புப் பகுதிகளிலும் கொடுத்திருந்தது. கதவை இறுக்கிச் சாத்தியது 1934இல் உருவான சமஷ்டி வீடமைப்பு நிர்வாகம். புதிய வீட்டுக் கடன்களுக்கு அரச காப்புறுதி கொடுத்த அந்த நிறுவனம், தனக்கென்று வேறு வரைபடங்களையும் கைநூலையும் வைத்திருந்தது. இனம் கலந்த அயலை அபாயம் என்று அது எழுதியே வைத்தது. மலிவான நீண்டகாலக் கடன் என்ற புது வசதி வெள்ளையருக்குக் கிடைத்தது. மற்றவர்கள் வெளியே நின்றார்கள்.

வெளியே நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்க்க 1950களின் சிக்காகோவுக்குப் போக வேண்டும். வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்கள் தரகர்களிடம் 'ஒப்பந்தத்தில்' வீடு வாங்கின. விலை பல நேரம் இரண்டு மடங்கு. கடைசித் தவணை கட்டும் வரை உறுதி தரகரின் பெயரில்தான். ஒரு தவணை தவறினாலும் வீட்டையும் கட்டிய காசையும் இழக்கலாம். வெள்ளையரை 1933இல் எந்தக் கண்ணியிலிருந்து அரசு மீட்டதோ, அதைவிட மோசமான கண்ணி இது. 1968இல் லோன்டேல் பகுதி மக்கள் சங்கம் அமைத்து, தவணை கட்ட மறுத்துப் போராடினார்கள். வீட்டுக் கடனில் இன ஒதுக்கலைத் தடைசெய்யும் சட்டம் வந்ததும் அதே வருடம்தான்.

இரண்டாம் தரம்

2008இல் சந்தை மறுபடி சரிந்தபோது, பழைய கூட்டுத்தாபனத்தை மீள உருவாக்குங்கள் என்று பொருளியலாளர் அலன் பிளைண்டர் போன்றோர் எழுதினார்கள். அரசு அதைச் செய்யவில்லை. வங்கிகளை மீட்க ஒக்டோபரில் 70,000 கோடி டொலருக்கு அனுமதி கிடைத்தது. வீட்டுக்காரருக்கு 2009 பெப்ரவரியில் ஒரு திட்டம் வந்தது. தவணையைக் குறைத்து எழுதும்படி, அறவிடும் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை கொடுப்பதுதான் அது. 30 முதல் 40 இலட்சம் குடும்பங்கள் என்று சொன்னார்கள். திட்டம் முடியும்வரை நிரந்தரமாகக் கடன் மாற்றப்பட்டவர்கள் 20 இலட்சத்தைக்கூட எட்டவில்லை.

ஏன்? 1933இல் கடன் அரசின் கைக்கு வந்தது. 2009இல் அது துண்டு துண்டாகி உலகமெங்கும் விற்கப்பட்டிருந்தது. அறவிடும் நிறுவனத்துக்குச் சில நேரம் பறிப்பதிலேயே கூடக் கட்டணம் கிடைத்தது. ஒரே பத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பதும், தொலைந்துபோனது எண்டு சொல்லுறதும் வழக்கமாகியது. வங்குரோத்தான ஒருவரின் விடுமுறை வீட்டுக் கடனை நீதிபதி குறைக்கலாம். குடியிருக்கும் வீட்டுக் கடனைக் குறைக்க முடியாது. அதை மாற்றும் பிரேரணை 2009 ஏப்ரலில் செனட் சபையில் தோற்றது. பறிபோன வீடுகளைப் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி வாடகைக்கு விட்டன. விலை திரும்ப ஏறியது. சந்தை நிமிர்ந்துவிட்டது என்றார்கள். அந்த வீடுகளில் முன்பு இருந்தவர்கள் அப்போது அங்கே இல்லை. மோசமான கடன்கள் கூடுதலாக விற்கப்பட்டதும் பழைய சிவப்புக் கோட்டுக்குள் இருந்த அதே சமூகங்களுக்குத்தான்.

1933 காட்டியது இதுதான்: சந்தையை நிமிர்த்த வேண்டுமென்றால் யாராவது நட்டத்தை ஏற்க வேண்டும். அரசு முன்வந்தால் அதை வீட்டுக்காரர், வங்கி, பொதுப்பணம் என்று பங்கிடலாம். முன்வராவிட்டால் எல்லாம் பலவீனமானவரின் தலையிலேயே விழும். அதே அரசு, பங்கிடும்போது யார் மக்கள், யார் அபாயம் என்று பிரித்து எழுதியது. நிவாரணத் திட்டம் எதைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் தொகையைப் பார்த்து மலைக்க முதல், அதன் படிவத்தை எடுத்துப் பாருங்கோ. எந்தக் கட்டத்தில் யாரை வெளியே விட்டிருக்கு எண்டு தேடுங்கோ. லோன்டேல் சனம் தேடிக் கண்டுபிடித்தது அதைத்தான்.