வில்வண்டி முதல் லாங் ஆர்ம் வரை: சித்தப்பா ஷெட்ல ஒரு ஜிப்சி

இன்னைக்கு எபிசோடை ஒரு சத்தத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். சுத்தியல்ல இரும்பை அடிச்சா 'ணங்'னு கேக்கணும் இல்லையா? அன்னைக்கு 'டப்'னு கேட்டுச்சு. ரெண்டு மணி நேரம் உக்காந்து நான் வெல்டு அடிச்ச பிராக்கெட், ஒரே அடியில கழண்டு தரையில கெடந்துச்சு. அடிச்சது எங்க சித்தப்பா.

இடம், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல இருக்கிற இலஞ்சி. ஜூலை மாசம், சாரல் பிடிச்சிருந்த நேரம். ஊரே ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் குளிக்கப் போயிட்டு இருந்துச்சு. நானும் சித்தப்பாவும் வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகையில, ஒரு பழைய மாருதி ஜிப்சிக்கு அடியில படுத்துக் கெடந்தோம். அதோட லீஃப் ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, வீட்டுலயே 'லாங் ஆர்ம் சஸ்பென்ஷன்' செய்யணும்ங்கிறதுதான் திட்டம்.

அது என்ன, எங்க இருந்து வந்துச்சு, அந்த பிராக்கெட் ஏன் கழண்டுச்சு. இதெல்லாம்தான் இன்னைக்குக் கதை.

வில்லுன்னா என்ன?

லீஃப் ஸ்பிரிங்கை நம்ம ஊர்ப் பட்டறையில 'பட்டை'ன்னு சொல்வாங்க. சில இடத்துல 'கமான் பட்டை'. கமான்னா பாரசீகத்துலயும் இந்தியிலயும் வில். நம்ம தாத்தா பாட்டி காலத்துல பட்டை போட்ட மாட்டு வண்டிக்குப் பேரு வில்வண்டி. ரெண்டு மொழியும் அந்த வளைஞ்ச இரும்பைப் பாத்து ஒரே பேரைத்தான் வெச்சிருக்கு.

சாதாரணக் கட்டை வண்டியில அச்சு மேலயே பலகை உக்காந்திருக்கும். ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்கு வந்து சேரும். வில்வண்டியில குலுங்காமப் போகலாம், ஆனா அது வசதியானவங்க வண்டி. யாருக்குக் குலுங்காமப் போற உரிமை இருக்குங்கிறதே ஒரு காலத்துல பெரிய சண்டை. 1893-ல அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கி, ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கவே கூடாதுன்னு தடுத்து வெச்சிருந்த திருவிதாங்கூர்ப் பொதுச் சாலையில ஓட்டிக்கிட்டுப் போனார். கேரளாவுல இன்னைக்கும் அதை 'வில்லுவண்டி' போராட்டம்னுதான் நினைவுல வெச்சிருக்காங்க. இது ஏதோ தூர தேசத்துக் கதை இல்லை. இலஞ்சிக்குப் பக்கத்துல இருக்கிற செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்த எல்லைக்குள்ளதான் இருந்துச்சு.

49 நாள் கெடு

இப்போ கொஞ்சம் அமெரிக்கா போயிட்டு வருவோம். 1940 ஜூலையில அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டுச்சு: நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு சின்ன வண்டி வேணும், 49 நாள்ல முதல் வண்டி கைக்கு வரணும். பான்டம்ங்கிற சின்னக் கம்பெனி செப்டம்பர் 23-ம் தேதி கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. அதுல இருந்து வளர்ந்ததுதான் வில்லிஸ் ஜீப். போர் முடியறதுக்குள்ள வில்லிஸும் ஃபோர்டும் சேந்து 6 லட்சத்துக்கும் மேல செஞ்சு தள்ளினாங்க.

அதுக்கு ஏன் லீஃப் ஸ்பிரிங்? 49 நாள் டெட்லைன் இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? ஏற்கனவே வேலை செய்யற லைப்ரரியைத்தான் எடுப்பீங்க. பட்டை அப்படிப்பட்ட சாமான். ஒரே துண்டு, நாலு வேலை பாக்கும். எடையைத் தாங்கும். அச்சை முன்னும் பின்னும் நகராமப் பிடிக்கும். பக்கவாட்டுல ஓடாமப் பிடிக்கும். இன்ஜின் முறுக்கும்போது அச்சு தன்னைத்தானே சுத்திக்காமலும் தடுக்கும். போதாக்குறைக்கு, பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு உரசறதுல ஆட்டமும் கொஞ்சம் அடங்கும்.

இந்தியாவுல 1945-ல 'மஹிந்திரா அண்ட் முகமது'ன்னு ஒரு இரும்பு வியாபாரக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. அதுல இருந்த குலாம் முகமது, பிரிவினைக்கு அப்புறம் பாகிஸ்தானோட முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-ல கம்பெனி பேரு 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா'ன்னு மாறுச்சு. அவங்க வில்லிஸ் ஜீப்பை உதிரியா வாங்கி இங்க பூட்டி விக்க ஆரம்பிச்சாங்க. 'ஜீப்'ங்கிறது அப்படியே தமிழ் வார்த்தையாவும் ஆயிருச்சு. கம்பத்துல இருந்து குமுளி வழியா ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போறவங்களை, உள்ள பாதி, தொங்கிக்கிட்டுப் பாதின்னு ஏத்திக்கிட்டு மலை ஏறுற ஜீப்பைப் பாத்திருப்பீங்க. அந்த பாரத்துக்குப் பட்டைதான் சரி. உடைஞ்சாலும் அடுத்த ஊர்ப் பட்டறையில ஒரு இலையை மாத்திப் போட்டுக் கிளம்பிரலாம்.

அதனால பட்டையைப் 'பழைய குப்பை'ன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். லெகசி கோட் எழுதினவன் முட்டாள்னு நினைக்கிறது, அவன் என்ன நெருக்கடியில எழுதினான்னு தெரியாதவங்க பேச்சு.

அப்புறம் ஏன் மாத்தணும்?

நாலு வேலையை ஒரே ஆள் பாத்தா, எதையும் முழுசாப் பாக்க முடியாது. பட்டையை மெத்துனு வெச்சா அச்சு முறுக்கிக்கும், அப்போ பட்டை 'எஸ்' மாதிரி நெளியும். கெட்டியா வெச்சா பாறையில ஒரு சக்கரம் ஏறும்போது எதிர்ச் சக்கரம் கீழ எறங்காம அந்தரத்துல நிக்கும். தரையைத் தொடாத சக்கரம் வண்டியை இழுக்காது.

இதுக்குத் தீர்வு, வேலையைப் பிரிச்சுக் குடுக்கிறது. எடையைக் காயில் ஸ்பிரிங் பாத்துக்கும். அச்சைப் பிடிக்கிற வேலையைக் கம்பிங்க, அதாவது ஆர்ம்ங்க, பாத்துக்கும். 1966 ஃபோர்டு பிராங்கோ முன்பக்கம் இப்படித்தான் இருந்துச்சு. 1970-ல வந்த ரேஞ்ச் ரோவர்ல நாலு பக்கமும் காயில். முரட்டு அச்சை வெச்சுக்கிட்டே சொகுசாவும் போகலாம்னு அது காட்டிக் குடுத்துச்சு. ஜீப் ராங்லருக்குக் காயில் வந்ததே 1997 மாடல்லதான்.

அந்த ராங்லர்லதான் நம்ம கதையோட முடிச்சு இருக்கு. அதோட கீழ் ஆர்ம் ஏறக்குறைய 16 அங்குல நீளம். கம்பெனி உயரத்துல அது கிட்டத்தட்டப் படுக்கையா இருக்கும், பிரச்சினை இல்லை. ஆனா ஆஃப்ரோடு போறவன் சும்மா இருப்பானா? பெரிய டயர் போட 4 அங்குலம் தூக்குவான். உடனே ஆர்ம் சரிவா நிக்கும்.

ஸ்கூல் காம்பஸை நினைச்சுக்கோங்க. ஊசி சேஸியில, பென்சில் அச்சுல. சக்கரம் மேலும் கீழும் போகும்போது அச்சு நேரா போகாது, ஒரு வட்டத்துல போகும். 16 அங்குல ஆர்ம், படுக்கையில இருந்து 8 அங்குலம் கீழ எறங்குனா 30 டிகிரி சாயும். அச்சு 2 அங்குலத்துக்கும் மேல இடம் மாறிரும். அதே 8 அங்குலத்துக்கு 32 அங்குல ஆர்ம் வெறும் 14.5 டிகிரிதான் சாயும், அச்சு நகர்றது ஒரு அங்குலம். பெரிய வட்டத்தோட ஒரு சின்னத் துண்டு, நேர்கோடு மாதிரியே இருக்கும். லாங் ஆர்மோட மொத்த ரகசியமும் இதுதான்.

சாய்வு குறைஞ்சா வேற லாபமும் உண்டு. ஆர்ம் செங்குத்தா நின்னா, கல்லுல மோதற தள்ளல் நேரா சேஸிக்குப் போகும், சக்கரம் மேல ஏறத் தயங்கும். அதோட ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் எறங்கும்போது பின்னச்சு லேசாத் திரும்பிக்கும். நீங்க ஸ்டியரிங்கைத் தொடாமலே வண்டி திரும்பும்.

லாங் ஆர்முக்கும் குறை இருக்கு. நீளமான கம்பி வண்டி வயித்துக்கு அடியில தொங்கும், பாறையில மாட்டும். கியர்பாக்ஸைத் தாங்கற குறுக்குச் சட்டத்தை மாத்த வேண்டி வரலாம். பிரேக் ஹோஸ் நீளம் பத்தாம அந்துரலாம். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் உருவிக்கிட்டு வரலாம். ஒண்ணைத் தொட்டா ஒம்போதைத் தொடணும்.

25 வருஷ இடைவெளி

நம்ம நாட்டுக்கு வருவோம். மாருதி ஜிப்சி வந்தது 1985-ல. ராணுவம், போலீஸ், ராலி ஓட்டுறவங்க எல்லாருக்கும் பிடிச்ச வண்டி. ஆனா கடைசி ஜிப்சி வரைக்கும் நாலு சக்கரத்துலயும் பட்டைதான். 1998-ல வந்த சுசுகி ஜிம்னியில முரட்டு அச்சோட காயிலும் மூணு லிங்க்கும் இருந்துச்சு. இந்தியச் சந்தைக்கு ஜிம்னி வந்தது 2023-ல. 2010 மஹிந்திரா தாருக்குப் பின்பக்கம் பட்டை. 2020-ல வந்த தாருக்குத்தான் பின்னாடி காயிலும் லிங்க்கும்.

அந்த 25 வருஷ இடைவெளியை நிரப்பினது யாரு? கோயம்புத்தூர், கோட்டயம், பஞ்சாப்னு எங்கெங்கயோ கொட்டகையில படுத்துக் கெடந்தவங்க. பேரு வெளிய தெரியாத வெல்டர்கள், லேத்துக்காரங்க. கம்பெனி குடுக்கிறதுக்கும் மலை கேக்கிறதுக்கும் நடுவுல இருந்த பள்ளத்தை அவங்க பைப்பை வெட்டி நிரப்பினாங்க. எங்க சித்தப்பாவும் அப்படி ஒரு ஆள்தான்.

ணங், டப்

திட்டம் இதுதான்: பின்னச்சுக்குக் கீழ ரெண்டு 32 அங்குல ஆர்ம், மேல ரெண்டு ஆர்ம் 'வி' மாதிரி. மேல இருக்கிற ரெண்டும் அச்சு பக்கவாட்டுல ஓடாமப் பிடிக்கும். நான் பெங்களூர்ல உக்காந்து பைதான்ல எல்லாக் கணக்கும் போட்டேன். அச்சு எங்க நகரும், ஷாஃப்ட் எவ்வளவு நீளும், எல்லாம் கிராஃபா இருந்துச்சு. சித்தப்பா கண்ணாடியை எறக்கிவிட்டுப் பாத்துட்டு, "நல்லாத்தாம்ல இருக்கு"ன்னாரு.

அப்புறம் சேஸியில பிராக்கெட் ஒட்டற வேலை. "நான் அடிக்கேன் சித்தப்பா"ன்னு நானே கேட்டு வாங்கினேன். மேல பாக்க அழகா, மீன் செதில் மாதிரி வந்துச்சு. ஃபோட்டோ கூட எடுத்தேன். அவரு ஒண்ணும் சொல்லாம ரெண்டு கிலோ சுத்தியலை எடுத்து ஒரு அடி அடிச்சாரு.

டப்.

கழண்ட துண்டைத் திருப்பிக் காட்டினாரு. வெல்டு மேல மட்டும் படிஞ்சிருக்கு, இரும்புக்குள்ள உருகி எறங்கவே இல்லை. நடுவுல பொடிப்பொடியா ஓட்டை. "ராடு பாக்கெட்டை எப்பல தொறந்த?"ன்னு கேட்டாரு. முந்தின நாள் ராத்திரி. சாரல் காத்துல வெல்டிங் ராடு மேல இருக்கிற பூச்சு ஈரத்தை இழுத்துக்கும். அந்த ஈரம் வெல்டுக்குள்ள ஓட்டையாவும் விரிசலாவும் மாறும். சூடு பண்ணி, காய வெச்சு எடுக்கணும். நம்ம ஊரையே குளிர வைக்கிற அதே சாரல்தான். என் கிராஃப்ல அது எங்கயும் இல்லை.

"இது புளியரை வளைவுல கழண்டிருந்தா?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் ஷெட்ல கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்தான். புளியரை தாண்டி ஆரியங்காவு ஏறுற ரோட்டுல, வளைவுல, எதிர்ல கொல்லத்துல இருந்து லாரி வரும், சபரிமலை சீசன்ல வேன் வேனா வரும். ஒரு பக்க ஆர்ம் கழண்டா பின்னச்சு திரும்பும், வண்டி எதிர்ப் பக்கம் போகும். சாகப்போறது நான் மட்டும் இல்லை. மேல ஏறி வர்ற வேன்ல இருக்கிறவன் என் வெல்டை நம்பி ரோட்டுக்கு வரலையே.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி குறிப்பிட்ட விவரத்துல இருந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிருச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, மாத்தின ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டுமே. இதைப் படிச்சப்போ எனக்குக் கோவம் வந்துச்சு. ஆர்வத்துல செய்யறவனை ஏன் இப்படிக் கட்டிப் போடுறாங்கன்னு. அந்த 'டப்'புக்கு அப்புறம் கோவம் பாதியாக் கொறைஞ்சுது. மீதிப் பாதி இன்னும் இருக்கு. ஒழுங்காச் செஞ்சவனும் ஒரு இடத்துல கொண்டுபோய்க் காட்டி, சோதிச்சு, பாஸ் வாங்கற மாதிரி எளிமையான வழி வேணும்னு நான் இப்பவும் நினைக்கிறேன்.

கடைசியில என்ன பண்ணினோம்னு கேக்கீங்களா? ஜிப்சிக்குப் பட்டையையே திருப்பிப் போட்டோம், புது புஷ்ஷோட. லாங் ஆர்ம் வேலை நிக்கலை. காயலான் கடையில ஒரு பழைய சேஸி வாங்கியிருக்கோம். அது ரோட்டுக்கே வராது, தோப்புக்குள்ள மட்டும்தான் ஓடும். வெல்டு சித்தப்பா அடிப்பாரு. நான் ராடு காய வைக்கேன், அளவு எடுக்கேன், சுத்தியல்ல அடிச்சுப் பாக்கேன். போன வாரம் ரெண்டு பிராக்கெட் முடிஞ்சுது. ரெண்டும் 'ணங்'.

அன்னைக்குச் சாயங்காலமே ஜிப்சியில குலுங்கிக் குலுங்கிப் பழைய குற்றாலம் போய்க் குளிச்சோம். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் சித்தப்பா என்னைப் பாத்துச் சிரிச்சாரு.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ இப்படி வண்டியைப் பிரிச்சுப் பூட்டற மாமா, அண்ணன், அக்கா யாராவது இருந்தா அவங்க கதையை எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல செங்கோட்டை – கொல்லம் ரயில் பாதை. 1904-ல இதே மலையைக் குடைஞ்சு மீட்டர் கேஜ் போட்ட கதை. அதுவரைக்கும், பாத்துப் போங்க மக்களே!