கருவைத் தொடாத வெளிச்சம்

முதல் வருஷம் பிசிக்ஸ் லேபில் ஸ்பெக்ட்ராமீட்டரோடு மல்லுக்கட்டாதவர் நம்மில் யார்? கோடு தெரியாமல் பக்கத்து டேபிள் ரீடிங்கைப் பார்த்து எழுதினவர்களும் உண்டு! அந்த ஸ்பெக்ட்ரம் சமாச்சாரம் குழந்தைப்பேறு சிகிச்சைக்குள் போன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தார். ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவரின் உழைப்பு அது. அன்றைக்குக் கிடைத்தது ஒரே ஒரு முட்டை. தேர்வு என்ற பேச்சே இல்லை. பிற்பாடு மருந்து கொடுத்துப் பல முட்டைகள் எடுத்தார்கள், பல கருக்கள் உருவாயின. எதைக் கருப்பையில் வைப்பது? எல்லாவற்றையும் வைத்தால் இரட்டை, மூன்று என்று உருவாகி, தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாமே என்பீர்கள். உயிருள்ள செல் கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி; சாயம் ஏற்றினால் தெரியும், ஆனால் செத்துப்போகும். சாயமே இல்லாமல் பார்க்க வழிசெய்த ஃபேஸ் கான்ட்ராஸ்ட் முறைக்காக ஃபிரிட்ஸ் ஸெர்னிக்கே 1953-ல் நோபல் பரிசு பெற்றார். இருந்தாலும் உருவம் தெரிந்ததே தவிர, உள்ளே நடப்பது தெரியவில்லை.

இங்கேதான் நம்ம திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் வருகிறார். 1928 பிப்ரவரி 28-ல் கல்கத்தாவில் அவர் கண்டது இதுதான்: பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது, அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடுகிறது. 1960-ல் லேசர் வந்த பிறகு இந்த அளவீடு சுலபமாயிற்று.

கரு தான் வளரும் திரவத்திலிருந்து குளுக்கோஸ், அமினோ அமிலங்களை எடுத்துக்கொண்டு கழிவுகளை விடுகிறது. கருவை எடுத்தபின் மிஞ்சும் அந்தத் துளித் திரவத்தில் ஒளியைச் செலுத்தினால் போதுமே! கருவைத் தொடவே வேண்டாம். 2007-ல் அமெரிக்காவில் எம்ரே செலி குழுவினர் ராமன் முறையிலும் அகச்சிவப்புக்கு அண்மை ஒளியிலும் இப்படி அளந்து, தங்கிய கருக்களுக்கும் தங்காதவற்றுக்கும் வித்தியாசம் தெரிவதாக எழுதினார்கள். பெரிய எதிர்பார்ப்பு!

2012-ல் ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் நடந்த சோதனைகளின் முடிவு வெளியானது. தம்பதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் அகச்சிவப்பு அளவீட்டையும் சேர்த்துக் கருவைத் தேர்ந்தெடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பால் மட்டும் தேர்ந்ததைவிடப் பலன் கூடவில்லை. அவ்வளவுதான்.

இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஆராய்ச்சி இன்றும் தொடர்கிறது. முடிவு தெரிந்த சாம்பிள்களில் கோடு பொருந்துவது வேறு, முடிவு தெரியாதபோது அதை நம்பித் தேர்வு செய்வது வேறு. இந்தப் பாடத்தை நாம் கற்றுக்கொண்டோம்.

இன்று லேபில் நிற்கும் தம்பி, தங்கைகளே! நாளைக்கு நீங்களும் ஒரு கருவி செய்வீர்கள். அதன் எதிரே நகையை அடகு வைத்துவிட்டு வந்த ஒரு தம்பதி உட்கார்ந்திருப்பார்கள். கிராஃப் அழகாக வந்ததே என்று நின்றுவிடாமல், அவர்களுக்குப் பலன் உண்டா என்று சோதித்துப் பார்த்த பிறகு விற்கக் கொடுங்கள்.