பர்மாவின் வழிப்போக்கர் சாவடிகள்

தமிழகத்தில் சத்திரங்களுக்கு எந்நாளும் குறைவிருந்ததில்லை. அரசர்கள் கட்டினார்கள், வணிகர்கள் கட்டினார்கள், மகப்பேறில்லாத செல்வர்கள் புண்ணியம் கருதிக் கட்டினார்கள். ஆயினும் அவற்றுட் பலவற்றின் வாயிலில் வந்து நின்ற வழிப்போக்கனிடம் முதலில் விசாரிக்கப்பட்டது அவனுடைய சாதி. பசியைப் பற்றிய விசாரணை அதற்குப் பின்னரே. புகைவண்டி ஓடத் தொடங்கி, எல்லாச் சாதியாரும் ஒரே பெட்டியில் நெருங்கி உட்கார்ந்து செல்லத் தலைப்பட்ட பின்னரும், தென்னிந்திய இரயில் நிலையங்களின் உணவுச் சாலைகளில் பார்ப்பனர்க்கெனத் தனியிடம் ஒதுக்கப்பட்டே இருந்தது. பெரியார் ஈ.வெ.ரா. அவர்களின் கிளர்ச்சியின் பயனாக 1941-இல்தான் அவ்வேறுபாடு ஒழிந்தது. இதனை நினைவிற் கொண்டு, இன்று மியன்மா என வழங்கும் பர்மா தேசத்தின் வழிநடை வரலாற்றை நேயர்கள் நோக்க வேண்டுகிறோம்.

பர்மிய ஊர்களின் எல்லையிலும், பகோடாக்களின் அருகிலும், நெடுவழிகளின் ஓரத்திலும் 'ஜயாத்' என்னும் சாவடிகள் உண்டு. தரையினின்று உயர்த்திய மரத்தளம், மேலே ஒரு கூரை, பெரும்பாலும் திறந்த பக்கங்கள், அவ்வளவே. கதவில்லாத இடத்தில் காவற்காரனுக்கு வேலை ஏது? யாரும் வரலாம், பாயை விரிக்கலாம், சோறு பொங்கி உண்டு, விடிந்ததும் எழுந்து போகலாம். ஜயாத் கட்டுவதைப் பெரும் புண்ணியமாகப் பௌத்தர்கள் கருதியதால், செல்வர் மட்டுமின்றிச் சிறு குடியானவரும் சேர்ந்து பணம் போட்டுக் கட்டினர். அது இயலாதவர் வீட்டு வாயிலில் ஒரு மேடை எழுப்பி, மண்பானைகளில் நீர் நிரப்பி, மூடியும் குவளையும் வைத்தனர். அந்தக் குவளை எல்லார்க்கும் ஒரே குவளை. தனிக்குவளையின் வரலாற்றை நன்கறிந்த நம்மவர்க்கு இதன் பெருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அமெரிக்கப் பாதிரியார் அதோனிராம் ஜட்சன் 1819-இல் ரங்கூனில் மதப்பிரசாரம் தொடங்கியபோது, மாதாகோயில் ஒன்றை எழுப்பாமல் சாலையோரத்தில் ஒரு ஜயாத்தையே கட்டினார். மக்கள் தாமாக வந்து அமரும் இடம் அதுவே என்று அவர் கண்டுகொண்டார் போலும்.

பர்மாவைக் குறையற்ற நாடென்று நாம் கூற வரவில்லை. பகோடா அடிமைகள் என்றொரு வகுப்பாரைத் தலைமுறை தலைமுறையாகத் தீண்டத்தகாதார் போல் ஒதுக்கி வைத்த இழிவு அங்கும் இருந்தது. பௌத்தத்தின் பேரால் அது நிகழ்ந்தது என்பது வெட்கத்துக்குரியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வழிநடையின் முகம் மாறியது. 1865-இல் தோன்றிய ஐராவதி நீராவிக்கப்பல் கம்பெனியார் ஆற்றை ஆண்டனர். 1920-களில் அவர்கள் வசம் அறுநூற்றுக்கு மேற்பட்ட கலங்கள் இருந்தன. ஓர் ஆண்டில் அவற்றில் ஏறி இறங்கியோர் ஏறக்குறைய 90 லட்சம் பேர். மேல்தட்டின் முகப்பில் துரைமார்க்கு அறைகள். ஏனையோர்க்குத் தளமே வீடு. மீனும் உப்பும் வெங்காயமும் கோழிக்கூடும் குழந்தைகளும் ஒன்றாய்க் கிடக்க, சில கப்பல்கள் மிதக்கும் சந்தைகளாகவே கரைக்குக் கரை நின்று சென்றன. ரங்கூன்–புரோம் இருப்புப்பாதை 1877-இல் திறக்கப்பட்டது. 1889-இல் வண்டி மாந்தலே வரை சென்றது. 1934-இல் ஆவா பாலம் முடியும் வரையில் மாந்தலேக்கு அப்பால் செல்வோர் ஐராவதியைப் படகில் கடந்தே மறுகரை வண்டி ஏறினர்.

இந்தப் பாதைகளையும் துறைகளையும் நம்பித்தான் நம்மவர் திரள்திரளாகச் சென்றனர். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவிலிருந்த இந்தியர் பத்து லட்சத்துக்கு மேல். ரங்கூன் நகர மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. வழிப்போக்கனாகச் சென்றவனுக்கு ஜயாத்தில் இடம் கிடைத்தது. அங்கேயே தங்கிவிட்டவன் கதை வேறு. அதற்குக் காரணம் பர்மியரின் மனம் திரிந்தது என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள நம்மால் இயலாது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார் வசமிருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937-இல் அது 25 பங்கு. உலகச் சந்தையில் நெல்விலை வீழ்ந்தது. கடன் பட்ட உழவன் வட்டி கட்டமாட்டாது திகைத்தான். அடமானம் வைத்த வயல் கைமாறியது. செட்டியார்கள் எல்லோரும் நிலத்தை நாடிப் போனவர்களல்லர், பணமாகத் திரும்பினால் மகிழ்ந்திருப்பார்கள் என்பதும் உண்மையே. ஆனால் தன் பாட்டன் வயலில் தானே குத்தகைக்காரனாக நின்ற பர்மிய உழவனுக்கு அந்த நியாயம் எப்படி விளங்கும்? 1930-இலும் 1938-இலும் கலகங்கள் மூண்டபோது ரங்கூன் தெருக்களில் அடிபட்டு மாண்டவர்களிற் பலர் வட்டிக்கடை முதலாளிகளல்லர்; துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஏழைகள். முதலாளி சேர்த்த வெறுப்புக்குக் கூலியாள் உயிரை விலையாகக் கொடுத்தான்.

1942-இல் ஜப்பானியப் படை புகுந்ததும், நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் காடும் மலையும் கடந்து கால்நடையாக வெளியேறினர். காலராவிலும் பட்டினியிலும் வழியில் விழுந்தவர் பல்லாயிரவர். கப்பல் கம்பெனியார் பகைவர் கையிற் சிக்காதபடி தம் கலங்களை ஐராவதியிலேயே ஓட்டையிட்டு மூழ்கடித்தனர். ஜெனரல் நே வின் ஆட்சியில் வணிகம் அரசுடைமையாக்கப்பட்ட பின், 1964 முதல் சுமார் மூன்று லட்சம் இந்தியர் மீண்டும் வெளியேற நேர்ந்தது. தாயகத்திற் கால் ஊன்ற மாட்டாமல், வந்த வழியே நடந்து திரும்பிய தமிழர் சிலரை எல்லையிலே தடுத்தனர். மணிப்பூரின் மோரே என்னும் எல்லை ஊரில் தமிழ்க் குடியிருப்பு தோன்றிய வரலாறு இதுவே. இவ்விரண்டு வெளியேற்றங்களுக்கும் இடையில், 1954-இல், ரங்கூனில் கூடிய உலகப் பௌத்த மாநாட்டுக்குச் சென்ற பெரியாரும் டாக்டர் அம்பேத்கரும் அந்நகரிற் சந்தித்தனர் என்பதையும் குறிப்பிட விரும்புகிறோம். சாதியை விட்டொழிக்க வழி தேடிய இருவர் அதற்காகக் கடல் கடந்து போய் நின்ற ஊர், பொது ஜயாத்துகளின் நாட்டுத் தலைநகரமாக அமைந்தது.

1962-இல் நாடு கதவை அடைத்துக்கொண்டது. அயல்நாட்டார்க்கு முதலில் 24 மணி நேர அனுமதி. பின்னர் ஏழு நாள். அந்த ஏழு நாளில் முதுகில் ஒரு பையுடன் ஓடிவந்த மேல்நாட்டு இளைஞர்கள், பாங்காக் விமானநிலையத்தில் ஒரு புட்டி விஸ்கியும் ஒரு பெட்டி 555 சிகரெட்டும் வாங்கிவந்து ரங்கூனில் விற்று, அந்தப் பணத்திலேயே மாந்தலேயும் பகானும் கண்டு திரும்பினார்கள். அவர்கள் ஏறிச் சென்ற பஸ்களிற் பல, உலகப் போரில் வந்து நின்ற கனடா தேசத்து ஷெவர்லே படைலாரிகள். மேலே மரக்கூடு கட்டிப் பொதுமக்கள் வண்டியாக்கியிருந்தனர். 1970-இல் அரசாங்கம் ஒரே நாளில் போக்குவரத்தை இடப்புறத்தினின்று வலப்புறத்துக்கு மாற்றியது. வண்டிகளை மாற்றப் பணமில்லை. ஆகவே பிரயாணிகள் நடுச்சாலையில் இறங்கினர்! 1987-இல் ஐக்கிய நாடுகள் சபை பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிற் சேர்த்தது. அதே நாடு, மக்களின் ஈகையை அளக்கும் உலகப் பட்டியலில் 2014 முதல் 2017 வரை நான்காண்டுகள் முதலிடத்தில் நின்றது.

விருந்தோம்பும் மக்கள் வேறு. விருந்தை விற்கும் அரசாங்கம் வேறு. 1990-இல் பகான் கோயில்களிடையே வாழ்ந்துவந்த குடிகளைப் பட்டாளத்தார் அகற்றி வேறிடத்திற் குடியேற்றினர். 1996-ஐச் சுற்றுலா ஆண்டாக அறிவித்து, மாந்தலேக் கோட்டை அகழியைக் கட்டாய உழைப்பால் தூர் வாரச் செய்தனர். ஆங் சான் சூ சியின் கட்சி, பிரயாணிகளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது இக்காரணங்களாலேதான். 2010-இல்தான் அவ்வேண்டுகோள் தளர்ந்தது. 2021 பிப்ரவரியில் பட்டாளம் மீண்டும் ஆட்சியைப் பறித்தபின், ஆற்றுப் படகும் இருப்புப்பாதையும் போர்க்களத்தின் நடுவே சிக்கின.

மவுல்மீனுக்குத் தெற்கே சுமார் 40 மைல் தொலைவில் ஒரு சிறு பட்டணம் உண்டு. பெயர் தன்பியூஜயாத். தகரக்கூரை வேய்ந்த சாவடி என்பது அதன் பொருள். யாரோ ஒரு புண்ணியவான் வழிப்போக்கர்க்காகக் கட்டிய சாவடியே ஊருக்குப் பெயராயிற்று. 1942-43-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து போட்ட 415 கிலோமீட்டர் மரண இரயில்பாதை வந்து சேர்ந்த முனையும் இவ்வூரே. மலாயாத் தோட்டங்களிலிருந்து வேலையென்று ஏமாற்றியும் பிடித்தும் ஏற்றிச் செல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர் அந்தப் பாதையில்தான் மாண்டனர். ஆசியத் தொழிலாளரில் இறந்தவர் எண்பதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் இடைப்பட்டவர் என்று கணக்கிடுவர். தன்பியூஜயாத்தில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு அழகிய கல்லறைத் தோட்டம் அமைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் மலர் வைக்கிறார்கள். கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்திருக்கின்றன. கோலசிலாங்கூரிலிருந்தும் சித்தியவானிலிருந்தும் போன முனியனுக்கும் மாரியாயிக்கும் அங்கே கல் இல்லை.