ஜாமீன் என்று ஓர் ஆள்

ஒரு நண்பருக்காக நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்த அம்மாள் ஊருக்கு போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெயிலு கெடச்சிருச்சுண்ணே. ஜாமீனுக்குத்தான் ஆள் கெடைக்கல."

அகராதிப்படி பெயிலும் ஜாமீனும் ஒன்றுதான். ஒன்று கிடைத்து மற்றொன்று கிடைக்காமல் போக வழியில்லை. ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் ஒருவருக்கும் அந்த வாக்கியம் குழப்பமாக இல்லை. பெயில் நீதிபதி கொடுப்பது; ஜாமீன் சொந்தக்காரர் கொடுப்பது. உத்தரவு வந்துவிட்டது. கையெழுத்துப் போட இரண்டு பேர் வரவேண்டும், அவர்கள் வரவில்லை. அவ்வளவுதான் செய்தி.

வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லின் பின்னாலேயே போனேன். அந்த அம்மாள் பேசியதுதான் மூலத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

ஜாமீன் அரபிச் சொல். மற்றவருடைய கடனையோ கடமையையோ தன் பொறுப்புக்குள் வாங்கிக்கொள்பவர் என்று பொருள். அதாவது அது ஓர் ஆளின் பெயர். அரபியில் அதன் முதல் எழுத்து ஜ அல்ல. தமிழ் முஸ்லிம்கள் 'ளாத்' என்று எழுதும் எழுத்து அது. நாக்கை அழுத்தி வரும் அந்த ஒலியைப் பெருமையாகச் சொல்லி, அரபிகள் தங்கள் மொழியையே 'ளாத்தின் மொழி' என்பார்கள். பாரசீகருக்கு அந்த ஒலி வராது. 'ஸ'வை அதிரவைத்து உச்சரித்தார்கள். அந்த அதிர்வும் தமிழுக்கு வராது. நாம் ஜ ஆக்கிக்கொண்டோம்.

இந்த வழித்தடத்தைப் பார்க்க எளிய சான்று நோன்பு மாதத்தின் பெயர். ரமளான் என்றும் எழுதுகிறோம், ரம்ஜான் என்றும் எழுதுகிறோம். இரண்டும் ஒரே சொல். முதலாவது, அரபியை நேரடியாக ஓதுபவர்களின் எழுத்து. இரண்டாவது, பாரசீகத்தையும் உருதுவையும் சுற்றிக்கொண்டு வந்தது. நம் கோர்ட்டு கச்சேரிச் சொற்கள் பலவும் ரம்ஜான் வந்த வழியில் வந்தவை. அர்ஜி, ஆஜர், ஜப்தி, ராஜி, காஜி, ஜில்லா ஆகிய ஆறிலும் ஜ இருக்கும் இடத்தில் அரபியில் ளாத் இருக்கிறது. ஜாமீன் ஏழாவது. ஜில்லாக் கோர்ட்டில் அர்ஜி கொடுத்து, ஆஜராகி, ஜாமீன் காட்டி, கடைசியில் ராஜியாகிப் போன ஒரு பாட்டனார், தமிழனுக்கு வாயில் நுழையாத ஓர் எழுத்தை ஐந்து முறை உச்சரித்துவிட்டு வந்திருக்கிறார்.

முகலாயர், தக்காணத்து சுல்தான்கள், ஆற்காட்டு நவாபு என்று பாரசீகம் ஆட்சி மொழியாக இருந்த இடங்களிலிருந்து இவை கீழே இறங்கின. மராத்தியில் ஜாமீன், கன்னடத்தில் ஜாமீனு, மலையாளத்தில் ஜாம்யம். மராத்தி, கன்னடம் போலவே தமிழிலும் 'மீ' நெடில். பாரசீகத்தில் அது குறில்தான்: ஜாமின்.

நெடிலால் ஒரு தொல்லை உண்டு. நிலம் என்ற பொருளில் வரும் ஜமீன் அசல் பாரசீகச் சொல். இதற்கும் அதற்கும் உறவே இல்லை. ஜமீன்தாருக்கும் ஜாமீன்தாருக்கும் நடுவே ஒரு துணைக்கால்தான். ஒருவருக்கு நிலம் சொத்து. மற்றவருக்கு அடுத்தவன் செய்யப்போகும் காரியம் பொறுப்பு.

உருதுவில் இன்றும் கணக்கு சுத்தம். ஜாமின் என்றால் ஆள்; ஜமானத் என்றால் அந்த ஆள் தரும் உறுதி. தேர்தலில் நாம் 'டெபாசிட் போச்சு' என்று சொல்வதை வடக்கே 'ஜமானத் ஜப்த்' என்பார்கள். தமிழ் ஜமானத்தை எடுத்துக்கொள்ளவில்லை, ஜாமீனை மட்டும் எடுத்தது. ஆகவே ஆளுக்கான ஒரே சொல், ஆள் தரும் உறுதி, அவர் எழுதிக்கொடுக்கும் பத்திரம், கட்டும் பணம், அதனால் கிடைக்கும் விடுதலை என்று எல்லாச் சுமையையும் தூக்கவேண்டியதாயிற்று. ஜாமீன் கொடுத்தார், ஜாமீன் எடுத்தார், ஜாமீன் கட்டினார், ஜாமீனில் வந்தார் என்கிறோம். நான்கிலும் நான்கு பொருள். இத்தனைக்குப் பிறகு ஆளைக் குறிக்கச் சொல் இல்லாமல் போயிற்று. அதற்குப் பாரசீக 'தார்' ஒட்டி, தமிழ் மரியாதைக்கு ஓர் 'அர்' சேர்த்து ஜாமீன்தாரர் ஆக்கினோம். ஆளின் பெயரை எடுத்து, அதை வைத்திருப்பவர் என்று ஆளுக்கே திரும்பவும் பெயர் வைத்தோம்.

சொல் ஆளைவிட்டு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் சாட்சி. அச்சகம் தொடங்குபவரிடம் 500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரை ஈட்டுத்தொகை கேட்க அந்தச் சட்டம் அதிகாரம் தந்தது. அரசுக்குப் பிடிக்காததை அச்சிட்டால் பணம் பறிமுதல். தேசியப் பத்திரிகைகளின் கதைகளில் 'ஜாமீன் கேட்டார்கள்' என்று வந்தால் அது இந்தப் பணம். அங்கே கைதியும் இல்லை, கையெழுத்துப் போடுபவரும் இல்லை.

பாரசீகம் வருவதற்கு முன் தமிழனுக்கு ஜாமீன் தெரியாதா? தெரியும். கோயில் விளக்குகளைக் கேட்கவேண்டும். சோழர் காலத்தில் ஒருவர் ஒரு நந்தா விளக்கு வைக்க நினைத்தால் 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பார். அவற்றை 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் சொல்லும். சாவும் மூப்பும் இல்லாத ஆடு எங்கே இருக்கிறது? செத்தால் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பவேண்டும் என்பதே பொருள். ஆடுகளை ஓர் இடையர் பொறுப்பேற்று நாள்தோறும் உழக்கு நெய் அளப்பார். அவர் அளக்காமல் ஊரைவிட்டுப் போய்விட்டால்? அதற்காகச் சக இடையர்கள் அவருக்குப் பொறுப்பேற்றுக் கல்லில் பெயர் கொடுத்தார்கள். அந்த வினைக்குப் பெயர் புணைப்படுதல்.

புணை என்றால் தெப்பம். கட்டைகளைச் சேர்த்துக் கட்டினால் புணை. குறளில் சினத்தின் கேட்டைச் சொல்லும் இடத்தில், ஒருவனைக் காக்கும் சுற்றத்தாரைப் புணையாக உருவகிக்கிறார் வள்ளுவர். ஆற்றைக் கடக்கவேண்டியவனுக்கு உறவுதான் தெப்பம். இன்றைக்கும் தமிழ்நாட்டு ஜாமீன் உத்தரவுகளில் அடிக்கடி ஒரு நிபந்தனை வருகிறது: இருநபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்கவேண்டும்.

பிணை இதன் உடன்பிறப்பு. பிணைத்தால் பிணை. குறளில் அது பெண்மான். ஆணோடு இணைந்தே திரிவதால் வந்த பெயராக இருக்கலாம். களத்தில் மாடுகளைச் சேர்த்துக் கட்டிக் கதிரின்மேல் சுற்றவிட்டால் பிணையடித்தல். ஒருவனுடைய கட்டு அவிழ்வதற்காக இன்னொருவன் தன்னைக் கட்டிக்கொள்வது பிணை நிற்றல். பிணைக்கைதி என்ற சொல்லில் அந்தக் கயிறு இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது. ஆட்சித்தமிழ் ஜாமீனை விலக்கிப் பிணை, பிணையாள், முன்பிணை என்று எழுதுகிறது. நல்ல சொற்கள். தாழ்வாரத்தில்தான் இன்னும் ஏறவில்லை.

இலங்கையில் ஏறிவிட்டது. அங்கே ஜாமீன் என்று யாரும் சொல்வதில்லை. 1997ஆம் ஆண்டின் சட்டம் தமிழில் பிணைச் சட்டம்தான். ரிமாண்ட் என்பதற்கு விளக்கமறியல் என்ற அருமையான சொல்லை வைத்திருப்பவர்கள், பிணையிலும் நம்மைவிடத் துல்லியமாக இருக்கிறார்கள். பணம் கட்டினால் காசுப் பிணை. ஆள் வந்து பொறுப்பேற்றால் சரீரப் பிணை. 'தலா 5 இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணைகளில் விடுவிக்கப்பட்டார்' என்ற பாணி யாழ்ப்பாணத்துச் செய்தித்தாள் வாசகருக்குப் பழக்கமானது. சரீரம் என்ற சொல்லை முதலில் அங்கே படித்தபோது திடுக்கிட்டது. பிறகு தோன்றியது: சரியாகத்தான் சொல்கிறார்கள்.

ஆங்கிலேயர் கொண்டுவந்த பெயிலும் ஆளிலிருந்து புறப்பட்டதுதான். லத்தீனில் சுமைதூக்கிக்கு ஒரு சொல். அதிலிருந்து சுமத்தல், பழைய பிரெஞ்சில் ஒப்படைத்தல், அப்புறம் பெயில். பழைய ஆங்கிலச் சட்டத்தில் கைதியைச் சிறை அதிகாரி ஜாமீன்தாரர் கையில் ஒப்படைப்பார். காவல் இடம் மாறும், அவ்வளவே. அரபியில் உள்ளே வாங்கிக்கொள்பவன், லத்தீனில் சுமப்பவன், தமிழில் கட்டிக்கொள்பவன். மூன்று மொழிகளும் ஒரே மனிதனைப் பார்த்திருக்கின்றன.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1861இல் வந்தது. 1872, 1882, 1898, 1973 என்று திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. 1973ஆம் ஆண்டின் சட்டத்தில்கூட பெயில் என்றால் என்ன என்பதற்கு விளக்கம் கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த சொல் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த இடைவெளியில் ஒரு கொத்தனார் மாட்டிக்கொண்டார். மத்தியப் பிரதேசத்துக்காரர். அவருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தது. விவரங்களைக் கீழ்நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. கீழே 10,000 ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் வந்தார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சகோதரரைத் தள்ளிவிட்டார்கள். 1978இல் வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் போயிற்று. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் முன்னால் இருந்த கேள்வி ஒரு சொல்லாராய்ச்சிக் கேள்வி: பெயில் என்றால் அதற்குள் இன்னோர் ஆள் கட்டாயம் இருக்கவேண்டுமா? வேண்டியதில்லை, தன் சொந்தப் பத்திரத்தில் வெளியே வருவதும் பெயில்தான் என்று தீர்ப்பு. கொத்தனார் 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தார்.

சொந்த ஜாமீன் என்ற தொடரை அரபி தெரிந்த ஒருவரிடம் சொன்னால் சிரிப்பார். தனக்குத் தானே அடுத்தவனாக நிற்பது எப்படி? ஆனால் ஏழைக்கு அந்த முரண்தான் வழி. 2005இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜாமீன் உரிமையுள்ள குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் ஆள் காட்ட முடியாவிட்டால் அவரை வறியவராகக் கருதி, சொந்தப் பத்திரத்தில் விடவேண்டும். அதே திருத்தம், ஜாமீன் நிற்பவர் தாம் எத்தனை பேருக்கு நிற்கிறார் என்று எழுதித்தர வேண்டும் என்றும் சொன்னது. கூலிக்கு ஜாமீன் நிற்பவர்களை மனதில் வைத்து வந்த விதி. 2023இல் இயற்றப்பட்டு 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாதான் பெயிலுக்கு முதன்முதலாக விளக்கம் எழுதியது.

இந்தக் குடும்பத்தில் கடைக்குட்டி முன்ஜாமீன். 1898ஆம் ஆண்டின் சட்டத்தில் அது இல்லை. எதிரிமேல் பொய் வழக்குப் போட்டு நாலு நாள் உள்ளே வைக்கும் வழக்கத்தைக் கண்டு 1969இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 1973ஆம் ஆண்டின் சட்டத்தில் 438ஆம் பிரிவாக வந்தது. இப்போது 482. நெருக்கடி நிலையின்போது உத்தரப் பிரதேசம் அந்தப் பிரிவையே தன் மாநிலத்தில் நீக்கியது. திரும்பி வர 2019 ஆயிற்று. பெயரே தவறு என்று 1976இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. கைதாவதற்கு முன் யாரும் ஜாமீனில் போவதில்லை. கைதானால் விட்டுவிடு என்ற உத்தரவுதான் அது. தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. வம்பான கருத்தைச் சொல்வதற்கு முன் 'முன்ஜாமீன் எடுத்துக்கொண்டு சொல்கிறேன்' என்று தொடங்குவது நம் எழுத்தில் மரபாகிவிட்டது. இந்தக் கட்டுரைக்கும் மொழியறிஞர்களிடம் ஒன்று எடுத்துக்கொள்கிறேன்.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகளைத் தந்தது. ஜாமீன் உத்தரவு கிடைத்தும் சிறையிலேயே இருப்பவர்களுக்காக. ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும். ஒரு மாதம் ஆகியும் பத்திரம் தாக்கல் ஆகாவிட்டால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்த யோசிக்கலாம். உள்ளூர் ஆளைத்தான் கேட்பேன் என்ற நிபந்தனையே தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் சொன்னது. அதாவது, பெயில் கிடைத்து ஜாமீன் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள் என்பதை நாட்டின் பெரிய நீதிமன்றமும் எழுதிவைத்துவிட்டது.

கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கெட்டவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார்கள். 'யாருக்கும் ஜாமீன் நிற்காதே' என்பது தகப்பன் பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதி. அதில் தவறு சொல்ல முடியாது. கட்டிக்கொண்டவன்தான் கட்டின் வலி அறிவான். ஆனால் அந்தப் புத்திமதியை எல்லாரும் கேட்டு நடக்கும் ஊரில் ஒருவர் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டே இருக்கவேண்டியிருக்கும்.

நண்பர் வந்து நான் கிளம்பும்போது அந்த அம்மாள் நான்காவதாக யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார். இம்முறை பெயிலைப் பற்றிய பேச்சே இல்லை. "ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கிட்டு நீ வந்து நின்னாப் போதும்யா" என்றார்.