மூன்று வயது கூடிப்போன கயிறு

வட்டமான ஒரு மரத் தாங்கி, அதன் நடுவில் ஓட்டை. சுற்றிலும் நூல்கள் தொங்கும்; ஒவ்வொரு நூலின் நுனியிலும் கனம் ஏற்றிய சிறு மரக்கட்டை. எதிரெதிர் நூல்களைக் கைமாற்றிக்கொண்டே போனால், பின்னிய கயிறு ஓட்டை வழியாகக் கீழே இறங்கும். நம்மூர்ப் பின்னல் கோலாட்டத்தில் பெண்கள் குறுக்கும் நெடுக்குமாக ஆடுவார்களே, அதுபோல. இங்கே ஆடுவது கட்டைகள். ஒன்றோடொன்று இடிக்கும் ‘டொக் டொக்’ சத்தம்தான் தாளம்.

ஜப்பானில் இதற்குக் குமிஹிமோ என்று பெயர். சாமுராய்களின் கவசத் தகடுகளைக் கோத்தது இந்தக் கயிறு. வாளுக்கும் இதுதான். 1876-இல் மெய்ஜி அரசு வாள் ஏந்தத் தடை போட்டதும் போர்வீரர் பிழைப்போடு கயிற்றுக்காரர் பிழைப்பும் போனது. கிமோனோவின் இடைப்பட்டைமேல் கட்டும் கயிறாக மாறித்தான் அது தப்பியது.

மகோதோ ஷின்காயின் ‘யுவர் நேம்’ அனிமேஷன் படத்தில் வரும் சிவப்புக் கயிறும் இந்த வம்சம்தான். படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

இதோமோரி என்ற கற்பனை மலையூர். அங்கே ஒரு கோயில் குடும்பம்: பாட்டி, பேத்திகள் மிட்சுஹா, யோட்சுஹா. கயிறு பின்னுவது பரம்பரைத் தொழில். பின்னலின் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் அர்த்தம் இருந்ததாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் மயுகோரோ என்ற செருப்புக்காரர் வீட்டுக் குளியலறையில் பிடித்த தீ, கோயிலையும் ஏடுகளையும் தின்றுவிட்டது. அர்த்தம் போயிற்று, பின்னல் நிற்கவில்லை. பாட்டி இதைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறாள். எனக்கென்னவோ மொத்தப் படமும் அந்த ஒரு பேச்சில் அடங்கியிருப்பதாகத்தான் படுகிறது.

மிட்சுஹாவின் கூந்தலில் இருந்த கயிறு 2013 அக்டோபர் 3 அன்று டோக்கியோ ரயிலில் கை மாறுகிறது. அவளோடு உடல் மாறி மாறி வாழ்ந்து பழகிய டோக்கியோப் பையன் டாகியைத் தேடி அவள் போகிறாள். அவனுக்கோ அவளை அடையாளம் தெரியவில்லை. தெரியவும் நியாயமில்லை. அவள் உடல் மாறியது 2016-இன் டாகியோடு; ரயிலில் இருப்பவன் அதற்கு மூன்று வருடம் பின்னால் இருக்கும் பள்ளிச் சிறுவன். (இருவர் கைபேசியிலும் வருடம் காட்டியிருக்குமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.) இறங்கும் நெரிசலில் கூந்தலை அவிழ்த்துக் கயிற்றை நீட்டுகிறாள். மறுநாள் வால்நட்சத்திரத்தின் துண்டு விழுந்து ஊரே அழிகிறது.

கயிறு மட்டும் டாகியின் மணிக்கட்டில் வளர்கிறது. யார் கொடுத்தது என்பதே மறந்துபோய், ராசிக்காகக் கட்டிக்கொள்கிறான். 2016-இல் மலையுச்சியில், பகலும் இரவும் கலக்கும் வேளையில் இரண்டு காலமும் தொட்டுக்கொள்ளும்போது மிட்சுஹாவிடமே திருப்பித் தருகிறான். துண்டு இன்னும் விழாத மாலையில் நிற்கும் அவளுக்கு அது நேற்றுக் கொடுத்த கயிறு. ஆனால் அதற்கு மூன்று வயது கூடியிருக்கிறது. வெட்டிக் குட்டையான முடியில் அதைக் கட்டிக்கொண்டு, ஊரைக் காப்பாற்ற ஓடுகிறாள். பிறகு பெயர்கள்கூட இருவருக்கும் மறந்துபோகின்றன. வருடங்கள் கழித்து டோக்கியோவின் யோட்சுயாவில், சுகா கோயில் படிக்கட்டில் எதிரெதிரே வரும்போதும் அவள் முடியில் அதே கயிறு.

2016 ஆகஸ்ட் 26 அன்று வெளியான இந்தப் படம் ஜப்பானில் மட்டும் 2,500 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் ஏராளம். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான், முதல் நிமிடங்களிலேயே அந்தக் கயிறு அவிழ்ந்து நீள்வது உறைக்கும். காதல் படம் பார்த்து அழுவது புதிதல்ல. இங்கே அழுகைக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் ஆட்கள் வெளியே வருகிறார்கள். டாகியின் நிலைமையும் அதுதானே? ஏதோ ஒன்று தொலைந்தது உறுதி, கையில் ஆதாரமும் உண்டு, தொலைந்தது எது என்பதுதான் தெரியாது. ஜப்பானியருக்கு இதில் இன்னொரு கனமும் சேர்ந்தது. ஒரே நாளில் ஊர்கள் இல்லாமல் போன 2011 மார்ச் சுனாமிப் பேரிடர் இந்தக் கதைக்குப் பின்னால் இருப்பதை ஷின்காயே சொல்லியிருக்கிறார்.

கயிறு திரையோடு நிற்கவில்லை. இதோமோரியைத் தேடிப் போகும் டாகி இறங்கும் ரயில் நிலையம் கிஃபு மாகாணத்து ஹிடா ஃபுருகாவாவைப் பார்த்து வரைந்தது. படம் வந்தபின் ரசிகர்கள் அங்கே படையெடுத்தார்கள். குமிஹிமோவுக்குப் பேர்போன ஊர் மியே மாகாணத்து இகா. ரசிகர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் எதற்கு? ஃபுருகாவாவிலேயே உட்கார்ந்து, நூலைக் கைமாற்றப் பழகி, மணிக்கட்டு அளவுக்கு ஒரு கயிறு பின்னிக் கட்டிக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள்.