புல்வெளி எரிந்த கோடை

வரலாறு என்றால் அரசர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. புல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது எரிந்த கதையும் அவ்வரலாற்றில் ஓர் ஏடுதான். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் உள்ள விக்டோரியா மாநிலத்தில், 1943 டிசம்பர் முதல் 1944 பிப்ரவரி வரை மக்களை வாட்டிய ஒரு கோடையைப் பற்றி இம்மலரின் வாயிலாக அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன். நமக்கு மார்கழியும் தையும் பனிக்காலம். அந்நாட்டிலோ அவையே கடுங்கோடை என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும்.

விக்டோரியாவின் மேற்குப் பகுதி, பண்டைக்கால எரிமலைகள் கக்கிய குழம்பு படிந்து உண்டான பரந்த சமவெளி. அங்கே மரம் அரிது, புல்லே செல்வம். அம்மண்ணின் ஆதிகுடிகள் புல்வெளியைச் சிறுசிறு பகுதிகளாகத் தாமே கொளுத்துவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். எரிந்த இடத்தில் இளம்புல் தளிர்க்கும். அதை மேய விலங்குகள் வரும். பெருந்தீ பரவவும் இடமிராது. 1830-களில் ஐரோப்பியர் ஆட்டு மந்தைகளுடன் வந்து குடியேறினர். ஆதிகுடிகள் தம் நிலத்தை இழந்தனர். தீயை ஆண்ட அவர்தம் அறிவும் அந்நிலத்திற்குப் பயன்படாது போயிற்று.

புற்றீயின் இயல்பு காட்டுத்தீயினின்று வேறானது. வசந்தகால மழையில் செழித்த புல், கோடையில் வைக்கோலாகக் காய்கிறது. உள்நாட்டுப் பாலையினின்று வெப்பக்காற்று வீசும் நாளில் ஒரு பொறி விழுந்தால் போதும், குதிரையின் வேகத்தில் தீ ஓடுகிறது. முதலில் அது நீண்டு குறுகிய நாவைப் போலத் தென்கிழக்கு நோக்கிச் செல்லும். பிறகு தென்மேற்கிலிருந்து குளிர்காற்று திரும்பும். இனித் துன்பமில்லை என்று மக்கள் எண்ணும் அவ்வேளையில்தான் பேராபத்து நேர்கிறது. அதுவரை தீயின் பக்கவாட்டாக இருந்த மைல்கணக்கான நீளம் முழுவதும் முகப்பாக மாறி முன்னேறத் தொடங்குகிறது.

இத்தகைய ஆபத்தை அரசினர் அறியாதவரல்லர். 1939 ஜனவரியில் விக்டோரியாவின் காடுகள் எரிந்து 71 பேர் மாண்டனர். நீதிபதி லியோனார்டு ஸ்ட்ரெட்டன் அவர்களின் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் கமிஷன் சாட்சியம் கேட்டது. நகர்களின் தீயணைப்புக்கு ஒரு வாரியம், கிராமத் தொண்டர் படைகளுக்கு ஒரு குழு, அரசுக் காடுகளுக்கு ஒரு துறை என்று பொறுப்பு சிதறிக் கிடப்பதைக் கண்ட நீதிபதி, மாநிலம் முழுவதற்கும் ஒரே தீயணைப்பு அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தார். அறிக்கை அச்சேறியது, பாராட்டும் பெற்றது. ஆனால் அவ்வமைப்பு உருவாகவில்லை. அவ்வாண்டிலேயே உலகப் போரும் மூண்டது.

ஐந்தாண்டுகள் செல்வதற்குள் அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. வறட்சி நிலவியது, உடல்வலிமை மிக்க ஆடவர் பலர் போர்க்களத்தில் இருந்தனர், பெட்ரோலுக்குப் பங்கீடு. 1943 டிசம்பர் 22 அன்று வாங்கரட்டாவுக்கு அருகே புற்றீயை அணைக்கச் சென்ற தொண்டர் பதின்மர் தீயில் சிக்கி உயிர் நீத்தனர். கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள்கள் இருந்தன. 1944 ஜனவரி 14 அன்று மேற்குச் சமவெளி பற்றிக்கொண்டது. ஹாமில்டன், ஸ்கிப்டன், லேக் போலாக் ஆகிய ஊர்களின் சுற்றுப்புறங்களில், எட்டே மணி நேரத்தில் சுமார் 4,40,000 ஹெக்டேர் புல்வெளி சாம்பலாயிற்று. அது ஏறத்தாழ 11 லட்சம் ஏக்கர். அன்று தொடங்கிய ஒரு மாதத்தில் 15 முதல் 20 பேர் வரை மாண்டனர். 500-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. கால்நடைகள் திரள்திரளாக மடிந்தன. நனைத்த கோணிப் பைகளையும் முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பம்புகளையும் கொண்டே தொண்டர் பலர் அத்தீயை எதிர்த்து நின்றனர்.

பிப்ரவரி 14 அன்று தீ யல்லோர்ன் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தை எட்டியது. மெல்போர்ன் நகருக்கு மின்சாரம் தரும் நிலையம் அங்கேதான் இருந்தது. மீண்டும் ஒரு விசாரணைக் கமிஷன். மீண்டும் அதே ஸ்ட்ரெட்டன். மேய்ச்சல் நிலம் எரிந்தபோது அமையாத கமிஷன், தலைநகரின் விளக்குகளுக்கு ஆபத்து வந்தபோது அமைந்தது என்பதை நாம் கவனிக்காமல் இருத்தல் இயலாது. இம்முறை காரியம் நடந்தது. 1944-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1945 ஏப்ரல் 2 முதல் கிராமத் தீயணைப்பு ஆணையம் பணியாற்றத் தொடங்கியது. நகர்ப்புறப் படைகளும் கிராமத் தொண்டர்களும் ஒரே குடையின்கீழ் வந்தனர். காடுகள் தனித்துறையிலேயே நின்றன.

ஆணையம் வந்ததனால் தீ ஒழிந்துவிட்டதா? இல்லை. 1969 ஜனவரி 8 அன்று விக்டோரியாவில் 280 இடங்களில் தீ எழுந்து 23 பேர் மாண்டனர். அவர்களுள் 17 பேர், மெல்போர்னுக்கும் ஜீலாங்குக்கும் இடையே லாரா என்னும் இடத்தில் புகை சூழ்ந்த நெடுஞ்சாலையில் அகப்பட்டவர்கள். மோட்டார் வண்டியை விட்டு இறங்கி ஓடியோர் பலர் பிழைக்கவில்லை. உள்ளேயே இருந்தோர் பலர் பிழைத்தனர். புற்றீயின் முகப்பு விரைந்து கடந்து போய்விடும். அதன் அனலை அச்சிறு பொழுதுக்கு வண்டியின் கூடு தடுத்து நிற்கும் என்னும் பாடத்தை உலகம் அன்று கற்றது.

புல் எரிந்தாலும் அதன் வேர் எரிவதில்லை. இலையுதிர்கால மழை பெய்ததும் சமவெளி பசுமையுறும். வாங்கரட்டாவின் பதின்மர் திரும்பி வரவில்லை. அவர்களைக் கொன்றது தீ; ஆனால் ஐந்தாண்டு காலம் செயலாகாமற் கிடந்த ஒரு பரிந்துரைக்கும் அத்துயரத்தில் பங்கு இல்லையென்று சொல்ல எவருக்குத் துணிவு வரும்? தீர்மானம் நிறைவேற்றிக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதோடு மனநிறைவு கொள்ளும் பழக்கத்தைச் சங்கம் நடத்தும் நாமும் அறிவோம். "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்னும் சொல் நமக்கும் புதிதன்று.

அந்த ஆணையத்தின் முதுகெலும்பாக இன்றும் நிற்பவர்கள் ஊதியமில்லாத் தொண்டர்களே. சங்கு ஒலித்ததும் உழவர் கலப்பையையும், கடைக்காரர் தராசையும் விட்டு எழுகின்றனர். எழுந்து ஓடுவதற்கு ஆள்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களை ஒன்றுசேர்த்துத் துணைநிற்க ஓர் அமைப்புத்தான் காலத்தே கிடைக்கவில்லை.